சொந்த வாக்கியம்

அந்த பியூட்டி பார்லரில் அவளுக்கு வாக்கியம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது சம்பளத்தன்று மட்டும் தலைகாட்டும். மற்ற நாளெல்லாம் போனில் அழைப்பவர்கள்கூட, “வாக்கியம் அக்கா இன்னைக்கு இருக்காங்களா, தலைக்குச் சாயம் போடணும்” என்றுதான் கேட்பார்கள். வாக்கியம் என்று வைத்தவர்கள் கிண்டலுக்கு வைத்தார்கள். அவள் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டாள். கிண்டல் செய்பவருக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் கிடையாது.

தரையில் விழும் முடியைக் கூட்டுவதற்காக அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். கூட்டிக்கொண்டே பார்த்துப் பார்த்து, புருவம் எடுக்கக் கற்றாள், ஃபேஷியல் கற்றாள், கடைசியில் சாயம் கலக்கவும் கற்றாள். சாயத்தில் அவள் கை நல்ல கை. நெற்றியில் ஒரு பொட்டு ஒட்டாது, காது மடல் கறுக்காது. ஆனால் அவள் கதை சாயத்தைப் பற்றியது அல்ல. நாக்கைப் பற்றியது.

பார்லருக்கு வருகிற பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. விலைவாசி, மாமியார், முழங்கால் வலி எல்லாம் தமிழில் பேசுவார்கள். வேலை செய்கிறவளைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் மட்டும், பக்கத்து நாற்காலியைப் பார்த்துச் சட்டென்று இங்கிலீஷுக்குத் தாவுவார்கள். தலை அவள் கையில் இருக்கும், பேச்சு அவள் தலைக்கு மேலே போகும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்ற நினைப்பு. ஸ்லோ, டர்ட்டி, ரஃப் என்று ஆரம்பத்தில் எளிய சொற்களாகத்தான் விழுந்துகொண்டிருந்தன. அவை அவளுக்குப் புரிந்தன. புரிகிறது என்று முகத்தில் தெரிந்துவிட்டதும் அவர்கள் ஒரு மாடி மேலே ஏறினார்கள். பெரிய பெரிய சொற்களாக எடுத்துப் போட்டார்கள்.

வேறொருத்தியாக இருந்தால் காதில் வாங்காத மாதிரி இருந்திருப்பாள். இவள் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, அப்படி ஒரு சொல்லைப் போட்ட அம்மாளின் கண்ணைக் கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள்.

“மீடியாக்கர்னு சொன்னீங்களே மேடம், அப்படின்னா என்ன?”

அந்த அம்மாளுக்கு முகம் சிவந்தது. தலை முழுக்கச் சாயம். எழுந்து ஓடவும் முடியாது.

“அது வந்து... நிதானமானவங்க. அலட்டிக்காதவங்க. அந்த மாதிரி.”

“தேங்க்ஸ் மேடம்” என்றாள் அவள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தன் புருஷனைப் பார்த்து, “மை ஹஸ்பண்ட் இஸ் மீடியாக்கர்” என்றாள். அர்த்தத்தையும் சொன்னாள். மனுஷனுக்கு வயரிங் வேலை. அலட்டிக்கொள்ளாத ஆள்தான். கல்யாணமான நாளிலிருந்து அவரை யாரும் இப்படி உயர்த்திச் சொன்னதில்லை. மறுநாள் போன இடத்தில் காண்ட்ராக்டரிடம், “சார், நான் கொஞ்சம் மீடியாக்கர்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அவளுக்கு இரண்டு விதிகள் இருந்தன. ஒரு சொல் யார் வாயிலிருந்து வந்ததோ, அவரிடமே அதன் அர்த்தத்தைக் கேட்க வேண்டும். அன்று படுக்கப்போவதற்குள் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும். அந்த வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விதி பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. ‘சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக’ என்று கேள்வி வருமே, நாமெல்லாம் என்ன செய்தோம்? பொறுமை என்று கொடுத்தால் பொறுமை நல்லது என்று எழுதினோம். பேராசை என்று கொடுத்தால் பேராசை கெட்டது. மார்க் விழுந்துவிடும். அவள் மட்டும், ‘என் சித்தப்பாவுக்குப் பேராசை’ என்று எழுதினாள். சித்தப்பா அதே பள்ளிக்கூடத்தில் அலுவலகக் குமாஸ்தா. பேப்பரில் மார்க்கும் விழுந்தது, வீட்டில் முதுகில் அடியும் விழுந்தது. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, “சொந்த வாக்கியம்னுதானே கேட்டாங்க?” என்றாளாம்.

முதல் விதியைப் பற்றித்தான் புருஷன் அடிக்கடி முணுமுணுப்பார்.

“எதுக்கு அவங்களைப் போய்க் கேக்கிற? போன்ல தட்டினா அர்த்தம் வந்துட்டுப் போகுது.”

“சொன்னவங்களுக்குத் தெரியாத அர்த்தம் போனுக்குத் தெரியுமாக்கும். மூஞ்சிக்கு நேரா கேட்டாத்தான் எனக்குத் திருப்தி.”

இப்படிக் கேட்டுக் கேட்டு ஒரு நல்ல மூட்டை சேர்ந்துவிட்டது. ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஒருவர், அவள் சத்தம் போட்டுச் சிரித்த நாளில், “அன்கூத்” என்றார். கேட்டதற்கு, ஒளிவு மறைவு இல்லாதவள் என்று அர்த்தம் என்றார். வக்கீலம்மா என்று ஒருவர் உண்டு. முதலாளியம்மாவின் உயிர்த்தோழி. மாதம் தவறாமல் வந்து இவள் கையால்தான் சாயம் போட்டுக்கொள்வார். அவரிடமிருந்து இரண்டு கிடைத்தன. இவள் எதிர்த்துப் பேசிய அன்று இன்சலன்ட். அதற்குத் தைரியசாலி என்று அர்த்தமாம். அவர் கேட்ட நிறம் அவருக்கு ஒத்துவராது என்று அடித்துச் சொன்ன அன்று ஆப்ஸ்டினேட். எடுத்த காரியத்தை விடாதவள் என்று அர்த்தமாம். ஒவ்வொன்றுக்கும் அவள் தேங்க்ஸ் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் உண்மையான வாக்கியம் அமைத்தாள். கூட வேலை செய்கிற பெண்களிடமும், மளிகைக் கடையிலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் சொல்லிப் பார்த்தாள். இவ்வளவு படித்தவர்கள் தன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக நினைக்கிறார்களே என்று அவளுக்கே சில நாள் கூச்சமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் முதலாளியம்மா இரண்டாவது கடை திறக்க ஏற்பாடு செய்தார். புதுக் கட்டடம், கண்ணாடிக் கதவு, ஏசி. அதைப் பொறுப்பாக நின்று நடத்த ஓர் ஆள் வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் அந்த ஆளுக்கென்று தனி மேஜையும் சாவிக்கொத்தும் உண்டு. வாக்கியத்துக்கு அந்தச் சாவியின்மேல் ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது. அந்த மேஜையில் பூச்சாடியை வலது பக்கம் வைப்பதா இடது பக்கம் வைப்பதா என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். இத்தனை வருஷம் நின்றுகொண்டே வேலை செய்த கால்கள். ஒருநாள் உட்கார்ந்து, “வாங்க மேடம், யாரைப் பார்க்கணும்?” என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

“சார்தான் பணம் போடுறார். அவர் முன்னாடி நாலு வார்த்தை இங்கிலீஷ்ல பேசிடு, மத்ததை நான் பார்த்துக்கிறேன்” என்றார் முதலாளியம்மா. சார் என்றால் அவருடைய புருஷன்.

பின்னறையில் வேக்ஸ் டப்பா அடுக்கியிருந்த இடத்தில் நாற்காலி போட்டு சார் உட்கார்ந்திருந்தார். கையில் டீ. பக்கத்தில் முதலாளியம்மா. யோசனை சொல்ல வக்கீலம்மாவும் வந்திருந்தார். அவள் துவைத்து இஸ்திரி போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த சரக்கை எடுத்து வைத்தாள்.

“குட் மார்னிங் சார். ஐ ஆம் வெரி இன்சலன்ட். ஐ ஆம் ஆப்ஸ்டினேட் அண்ட் அன்கூத். ஆல் கஸ்டமர்ஸ் டெல் மீ. மை ஃபேமிலி இஸ் ஆல்சோ மீடியாக்கர்.”

சார் வாயில் இருந்த டீ மூக்கு வழியாக வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இன்னொரு தடவை சொல்லும்மா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முதலாளியம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். வக்கீலம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து போனைத் தடவ ஆரம்பித்தார்.

“ஏன் சார் சிரிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. நல்லாப் பேசுறே. போய் வேலையைப் பாரு, சொல்லி அனுப்புறோம்.”

சார் சிரித்ததில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. ஆண்கள் எதற்கும் சிரிப்பார்கள். வக்கீலம்மா சிரிக்காததில்தான் வந்தது. வேலை முடிந்ததும் நேரே புத்தகக் கடைக்குப் போய், தலையணை பருமனில் ஒரு ஆங்கிலம்-தமிழ் அகராதி வாங்கினாள். வீட்டில் புருஷனும் அவளும் அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகத் தேடினார்கள்.

இன்சலன்ட்: மரியாதை கெட்ட, திமிர் பிடித்த. ஆப்ஸ்டினேட்: முரட்டுப் பிடிவாதமுள்ள. அன்கூத்: நாகரிகமற்ற, பண்படாத. புருஷன் விரலை நனைத்துப் பக்கத்தைப் புரட்டி மீடியாக்கருக்கு வந்தார். விரலை வைத்து இன்னொரு தடவை படித்தார்.

“சுமாரானதுன்னு போட்டிருக்கு” என்றார். பிறகு மெல்ல, “நான் காண்ட்ராக்டர்கிட்டயே சொல்லிட்டேனே” என்றார்.

அதற்கு அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நன்றாக அழுதாள், பொய் சொல்வானேன். திட்டியதற்காக அழவில்லை, திட்டு வாங்காத பிழைப்பு எங்கே இருக்கிறது? அவர்கள் ஒவ்வொருவரும் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து, இவளுக்கு இது போதும் என்று ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்துக் கையில் வைத்தார்கள். அவள் அதற்குத் தேங்க்ஸ் சொன்னாள். அந்தத் தேங்க்ஸுக்குத்தான் அழுதாள்.

மறுநாளே முதலாளியம்மா கூப்பிட்டார். “சார் சரின்னுட்டார். ‘காமெடியா பேசுறா, கஸ்டமருக்குப் பொழுதுபோகும், இருக்கட்டும்’னார். சனிக்கிழமை சாவி வாங்கிக்கோ.”

பாருங்கள் கூத்தை. சாவி கிடைத்துவிட்டது. ஆசைப்பட்டது அப்படியே, தட்டில் வைத்து. ஆனால் கோமாளிக்குக் கொடுக்கிற சாவி.

“கிடைச்சுதுல்ல, பேசாம இரு” என்றார் புருஷன். “சனிக்கிழமை வரைக்கும் வாயைத் தைச்சுக்கோ. மேஜையில உக்காந்தப்புறம் யாரை வேணும்னாலும் கேளு.”

“மேஜையில உக்காந்தப்புறம் கேக்கத் தோணாதுங்க. அதுக்குத்தான் மேஜையே குடுக்கிறாங்க.”

புருஷனுக்கு அவளைத் தெரியும்.

வெள்ளிக்கிழமை வக்கீலம்மா சாயம் போட வந்தார். கடையில் நல்ல கூட்டம். அவள் வழக்கம்போல் துண்டு கட்டி, வகிடு பிரித்து, வேரிலிருந்து நுனிவரை பூசி முடித்தாள். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. பூசி முடித்த பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

“மேடம், ஒரு சந்தேகம். இன்சலன்ட்னா தைரியசாலின்னு சொன்னீங்க. புக்குல திமிர் பிடிச்சவள்னு போட்டிருக்கு. புக்கு தப்பா?”

பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஹேர் டிரையரை யாரோ நிறுத்தினார்கள்.

வக்கீலம்மா கண்ணாடியைப் பார்க்காமல், “உன் மனசு நோகக் கூடாதேன்னு அப்படிச் சொன்னேன்” என்றார்.

“என் மனசு நோகக் கூடாதுன்னா அந்தச் சொல்லையே சொல்லியிருக்கக் கூடாது மேடம். அர்த்தத்தை மாத்தினதுல நோவு எனக்குக் குறையல, உங்களுக்குத்தான் குறைஞ்சுது. திமிர் பிடிச்சவள்னு நேரா சொல்லியிருந்தா, இல்லைன்னு நான் சண்டை போட்டிருப்பேன். இல்லை, ஆமாம்னு ஒத்துக்கிட்டிருப்பேன். ரெண்டுமே என் பாடு. அதை எதுக்கு நீங்க எடுத்துக்கிட்டீங்க?”

“என்கிட்டயே குறுக்கு விசாரணையா?”

“கேள்வி ஒண்ணுதான் மேடம். புக்கு தப்பா, நீங்க தப்பா?”

இது வக்கீலம்மாவுக்குப் பொறுக்கவில்லை. முதலாளியம்மாவைப் பார்த்து மளமளவென்று இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். பாதி புரிந்தது, மீதியைப் புரிந்துகொள்ள அவளுக்கு அப்போது அவசரம் இல்லை. முதலாளியம்மா கல்லாவிலிருந்து எழுந்து ஓடி வந்தார். அவர் பொல்லாதவர் இல்லை. ஆனால் தோழியும் வேண்டும், வேலைக்காரியும் வேண்டும், கடையும் வேண்டும் என்று மூன்றையும் ஒரே கையில் பிடிக்கிறவர்.

அவள் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளி, காதுக்குள் சொன்னார். “நாளைக்குச் சாவி. மறந்துட்டியா? ஒரே ஒரு சாரி சொல்லிடு, நான் சமாதானம் பண்ணிக்கிறேன். உனக்குத்தான் இங்கிலீஷ்ல எவ்வளவு பெரிய பெரிய சொல்லெல்லாம் தெரியுமே, இது என்ன கஷ்டம்?”

கஷ்டமே இல்லை. அந்த வேலைக்கு வந்த புதிதில் அவள் கற்ற முதல் இங்கிலீஷ் சொல்லே அதுதான். வெந்நீர் கொஞ்சம் சுட்டால் சாரி. புருவம் எடுக்கிற நூல் அறுந்தால் சாரி. கஸ்டமர் தாமதமாக வந்தாலும் இவள்தான் சாரி. அர்த்தம் கேட்காமலே எல்லாரும் கற்றுக்கொள்கிற ஒரே சொல். கடை முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. சாவி முதலாளியம்மாவின் மேஜை இழுப்பறையில் இருந்தது. அவள் மனசு ஒரு கணம் அந்த இழுப்பறைக்குப் போய்விட்டுத்தான் வந்தது. நான் மறைக்கமாட்டேன், போய்விட்டு வந்தது.

“அந்தச் சொல்லு எனக்குத் தெரியும் மேடம்” என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. “அர்த்தமும் தெரியும். ஆனா இன்னைக்கு அதை வச்சுச் சொல்ல என்கிட்ட உண்மையான வாக்கியம் இல்ல.”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வக்கீலம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“சாயத்துக்கு நேரமாயிடுச்சு, வாங்க மேடம், அலசிடலாம். விட்டா முடி வறண்டுடும்.”

வக்கீலம்மாவுக்கு வேறு வழி இல்லை. பேசினில் தலையைச் சாய்த்தார். அவள் வெந்நீரைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்து, பதமாக அலசினாள். அலசி, துடைத்து, துண்டைச் சுற்றி அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் பின்னறைக்குப் போய்ச் சாயக் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் கழுவி வைத்தாள்.

சனிக்கிழமை சாவி வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. வலிக்கவில்லை என்று சொன்னால் அது இவள் கதையாக இருக்காது. வலித்தது. புதுக் கடையின் திறப்புக்கு எல்லாரும் போனபோது, பழைய கடையில் தனியாக இருந்து தரையைக் கூட்டினாள். கூட்டும்போது ஒரு நாற்காலியை எட்டி உதைத்தாள், கட்டைவிரல்தான் வீங்கியது. முதலாளியம்மா வேலையைவிட்டு அனுப்பிவிடுவாரோ என்று வீட்டில் இரண்டு பேரும் கொஞ்ச நாள் பயந்துகொண்டுதான் இருந்தார்கள். அனுப்பவில்லை. சாயத்துக்கு அவளைக் கேட்டுப் போன் வந்துகொண்டே இருந்தது காரணமாக இருக்கலாம். அல்லது எப்படிச் சொல்லி அனுப்புவது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். காரணம் சொன்னால் அதையும் வாக்கியத்தில் அமைத்துக் காட்டச் சொல்லுவாளே.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அடுத்த முறை வந்தபோது அவளே அகராதியைத் திறந்து நீட்டினாள். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, “ஆமாம், அன்னைக்கு அதைத்தான் நினைச்சேன். சொல்லத் தைரியம் வரல” என்றார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. மற்ற சிலர் நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள். இன்னும் சிலருக்கு அவளைப் பற்றி ஏதாவது பேச வேண்டியிருந்தால், தலையில் சாயத்தோடும் கழுத்தில் துண்டோடும் எழுந்து வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

வக்கீலம்மா இனி இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். புதுக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். ஆனால் நரைக்கு ரோஷம் கிடையாது. அங்கே போட்ட சாயம் காதுவரை இறங்கியதோ, நிறம் பிடிக்கவில்லையோ, ஒருநாள் மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, நேரே அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். அவளும் ஒன்றும் நடக்காதது போல் துண்டைக் கட்டினாள். வகிடு பிரித்தாள். வேரிலிருந்து நுனிவரை பூசி முடித்தாள்.

பிறகு வக்கீலம்மா கண்ணாடியில் அவளை நேராகப் பார்த்தார்.

“உனக்கு ஒரு சொல் கொண்டு வந்திருக்கேன். இன்காரிஜிபிள். எவ்வளவு அடிச்சாலும் திருந்தாத ஜென்மம்னு அர்த்தம். தேன் தடவாத அர்த்தம். வேணும்னா புக்குல பாத்துக்கோ.”

“பாக்க வேண்டாம் மேடம், நம்புறேன்” என்றாள் அவள்.

படுக்கப்போகும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. கையில் பிரஷ்ஷோடு, புதுக் கடை இருக்கிற திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, நிமிர்ந்து நின்று சொன்னாள்.

“ஐ லாஸ்ட் அ ஷாப். ஐ ஆம் இன்காரிஜிபிள்.”